நிறைபீப்பா

காலையில் மகேந்திரராசா பீப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கூரை மழைநீரைப் பிடித்து முற்றத்துத் தோட்டத்துக்கு ஊற்றச் சொல்லி பிரெஞ்சு நகரசபை கொடுத்த பீப்பா அது. குடியிருப்புக்காரர் எல்லாரும் தோட்டத்தை அவரை நம்பி விட்டிருந்தார்கள். பராமரிப்புச் சரியில்லையென்றால் நகரசபைக்காரர் தோட்டத்தைக் கிளறிச் சைக்கிள் தரிப்பிடம் ஆக்கிவிடுவார்களாம். இன்று பார்வையிட வருகிறார்கள். அவருடைய கத்தரியோ இப்போதுதான் பிஞ்சு விட்டிருந்தது. பாழாய்ப்போன மழையைக் கிழமைக்கணக்கில் காணோம்.

"நீங்கள்தானே விடிஞ்சால் பொழுதுபட்டால் அள்ளி ஊத்தினனீங்கள்!" என்றாள் மனைவி சாரதாதேவி. "வாற ஆக்களுக்கு வெறும் பீப்பாவையே காட்டப் போறியள்? எங்கடை ஆக்கள் வாசலிலை நிறைகுடமெல்லே வைக்கிறவை!"

"மழைக்கு நான் எங்கை போறது?"

"ஏன், குசினிக் குழாய் றொபினேயிலை தண்ணி வராதோ?"

லிப்டும் அன்று பார்த்துப் படுத்துவிட்டது. நாலாம் மாடியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தார். பாதி நிறைந்த பிறகுதான் நுரையைக் கண்டார்.

"இதென்ன வாளியப்பா?" என்று பின்னால் இறங்கி வந்த மனைவியைக் கேட்டார்.

"உடுப்புத் தோய்க்கிறது. ஏன்?"

தடியால் கலக்கினார். நுரை இன்னும் பொங்கியது.

"தள்ளுங்கோ. மஞ்சள் போட்டால் எல்லாம் சுத்தமாகும்" என்று ரூ பெர்தொனேத் தெருத் தமிழ்க்கடையில் வாங்கி, நிறைகுடத்துக்கென்று கையோடு கொண்டுவந்த மஞ்சள் பைக்கற்றை அப்படியே கொட்டினாள். சவர்க்காரத்தில் மஞ்சள் பட்டால் சும்மா இருக்குமா? தண்ணீர் சிவந்துவிட்டது.

கீழ்வீட்டு மடுத்தீன் யன்னலால் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணை, பீப்பாவிலை ஆலாத்தி? ஆருக்குக் கலியாணம்?"

"விடுப்புப் பாத்தது காணும்! நீரும் ரெண்டு வாளி கொண்டாரும், நிறம் மங்கட்டும்!"

மடுத்தீனும் ஊற்றினார். நிறம் மங்கவில்லை, பீப்பாதான் விளிம்பு தட்டியது. மகேந்திரராசா மூடியை அமத்தி மூடவும் நகரசபை அதிகாரி ஆலீஸ் முற்றத்துக்குள் வரவும் சரியாக இருந்தது.

கத்தரியைக் கண்டதும் ஆலீஸுக்கு முகம் மலர்ந்தது. பிறகு பீப்பாவில் ஒரு தட்டுத் தட்டினாள். மலர்ந்த முகம் சுருங்கியது.

"விளிம்புவரை நிறைந்திருக்கிறது, மதாம்!" என்றார் மகேந்திரராசா, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், பெருமையாக.

"அப்படியானால் மழைநீரைத் தொடாமல், இவ்வளவு வெயிலுக்கும் குழாய்த் தண்ணீரையா ஊற்றினீர்கள்?" என்றாள் ஆலீஸ். "பீப்பா காலியாக இருக்கிறதா என்று பார்க்கத்தானே, முசியே, நான் வந்தது!"