பனி இறக்கும் பாட்டு

மார்ச் வந்தால் எங்கள் ஊருக்கு வெயில் திரும்பி வரும். வந்து என்ன பிரயோசனம்? கூரைமேல் இருந்த சோலார் பேனல்கள் எல்லாம் பனியைப் போர்த்திக்கொண்டு தூங்கின. அப்போதுதான் ரெய்யோ வந்து சேர்ந்தார். கலைமான் தோல் தொப்பி, மார்பை மறைக்கும் தாடி. பாட்டுப் பாடியே பனியை இறக்கிவிடுவாராம். பின்லாந்தின் வட மூலையில் ஓடுகிற கார்கள் எல்லாம் எங்கள் ஊர்மன்றத்து வாசலில் வந்து நின்றன. ஜனங்கள் வழக்கம்போல ஆளுக்கு ஒரு கஜம் தள்ளி நின்று, வாயைத் திறக்காமல் பக்தி செய்தார்கள்.

வரிசையில் முதல் ஆள் ஆர்வி. வாழ்நாளெல்லாம் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். கறுப்பு நிறம் வெப்பத்தை இழுக்கும் என்று எழுதி எழுதியே தோள்பட்டை தேய்ந்தவர். அந்தப் படிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள்; அவரே தேடிக்கொண்டுதான் இருந்தார். பேசிப் பேசியே ஊர் முழுக்கப் பேனல் போட வைத்தவர் அவர். அவை பனிக்கடியில் கிடக்கவே, சவுனாக் குளியலுக்குப் போனால்கூட ஆவியைவிடக் கேலிதான் அவரை அதிகம் சுட்டது. இந்தப் பாட்டு பலித்தால் மானம் மிஞ்சும்.

ரெய்யோவின் முறை எளிது. நீளக் கழித் துடைப்பத்தால் பேனலின் அடிவிளிம்பில் ஒரு சாண் அகலத்துக்குப் பனியைத் தள்ளுவார். பனித்தாய்க்கு வாசல் திறக்கிறாராம். பிறகு பாட்டு. கூட்டம் காப்பி குடித்து முடிப்பதற்குள் பனி மொத்தமும் சறுக்கி விழும்.

"யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்பார். எங்கள் ஊரில் கூட்டத்தில் கேள்வி கேட்பதும், சவுனாவுக்குள் கோட்டோடு நுழைவதும் ஒன்றுதான். ஒருவரும் கேட்க மாட்டார்கள். "சந்தேகமே இல்லை" என்று அவரே முடித்துவிடுவார்.

அன்று மன்றத்தில் அவர் ஆர்வியைப் பார்த்தார். "வாத்தியாரே, இது விஞ்ஞானப்படி சரிதான்னு எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வாயால வந்தா ஜில்லாவே நம்பும்."

ஆர்வி எழுந்து தொண்டையைச் செருமினார். அதற்குள் அவர் மனைவி தூலா காப்பிக் கெண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்குச் சந்தேகம் இருக்கு."

மன்றமே அதிர்ந்தது. அதாவது, ஒருவர் இருமினார்.

"தம்பி, துடைப்பத்தை இப்படிக் குடுங்க. இந்த மன்றத்துக் கூரையில இடது பக்கப் பேனலுக்கு நீங்க பாடுங்க, பெருக்க வேணாம். வலது பக்கத்துக்கு நான் பெருக்கறேன், பாட மாட்டேன்."

"பாட்டு இல்லேன்னா பனித்தாய் கோவிச்சுக்குவாம்மா."

"அப்ப ஏலக்காய் பன் எப்படிச் செய்யறதுன்னு சொல்றேன். எனக்கு மனப்பாடமா வர்றது அது ஒண்ணுதான்."

எல்லோரும் வெளியே வந்தார்கள். தூலா விளிம்பைப் பெருக்கிவிட்டு, "மாவு நாலு கப்பு, வெண்ணெய் ஒரு கட்டி" என்று ஆரம்பித்தாள். வெளியே தெரிந்த கறுப்புக் கண்ணாடியில் வெயில் பட்டது. தண்ணீர் சொட்டியது. பன்னுக்கு மூன்றாம் தடவையாக வாயாலேயே மாவு பிசைந்துகொண்டிருக்கையில், மொத்தப் பனியும் தொப்பென்று விழுந்தது. இடது பக்கத்தில் ரெய்யோ பாடினார், பாடினார், தொண்டை கட்டும்வரை பாடினார். பனி சுகமாகக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தது.

"ஏங்க, கறுப்பு எதை இழுக்கும்?" என்றாள் தூலா.

"வெப்பத்தை" என்றார் ஆர்வி, கடைசி பெஞ்சுப் பையன் குரலில்.

"பாட்டு?"

"என்னை மாதிரி ஆளுங்களை."

ரெய்யோ காரைக் கிளப்பினார். இந்தத் தடவை யாருக்காவது சந்தேகம் உண்டா என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுப் பென்ட்டி, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். "அக்கா, ஏலக்காய் ஒரு ஸ்பூனா, ரெண்டா? எங்க பேனலுக்குச் சொல்லணும்." அவருக்குப் பின்னால், ஆளுக்கு ஒரு கஜம் தள்ளி, ஒரு வரிசை.

ஆர்வி சிரிக்க வாயைத் திறந்தார். காலையில் எழுந்ததும் தானும் அதையேதான் கேட்க நினைத்தது ஞாபகம் வரவே மூடிக்கொண்டார்.

தூலா துடைப்பத்தை எடுத்துப் பென்ட்டியிடம் நீட்டினாள்.

"முதல்ல உங்க மண்டையில ஓரமா ஒரு சாண் பெருக்குங்க. மிச்சத்தை வெயில் பாத்துக்கும்."