மஞ்சள் தடவிய இறுதி அறிவிப்பு

காத்தோங், சிங்கப்பூர்,
திங்கட்கிழமை

அன்புள்ள மைத்துனர் கஜனுக்கு,

அத்தான் ஏரம்பமூர்த்தி எழுதுவது. நானும் உன் அக்கா மனோரஞ்சிதமும் சுகம். கிளமெண்டியில் நீயும் தாரகாவும் அவ்வாறே இருக்க விநாயகர் அருள்வாராக.

முதலில் உறுதியான செய்தி. இன்று காலை நிலவரப்படி எங்கள் வீடு எங்கள் பெயரிலேயே இருக்கிறது. இதைச் சொன்னவர், நில ஆவணங்களைப் பராமரிக்கும் அரசு அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்த சிவானி. "ரெக்கார்டுல ஒரு பிரச்சினையும் இல்ல அங்கிள். அந்த லெட்டர் நாங்க அனுப்புனதே இல்ல" என்றார். பத்திரிகைப் பழக்கம், இரண்டாம் முறையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஆகவே, உன் அக்கா நிரப்பச் சொன்னதை நம்பி உனக்கும் வந்த அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதே. தொலைபேசியில் சொன்னால் "சரி அத்தான்" என்று வைத்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் தாரகா படிப்பாள்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை வந்த தபாலில் கூரையும் சாவியும் போட்ட முத்திரை, 'இறுதி அறிவிப்பு' என்று சிவப்பு எழுத்து, எங்கள் வீட்டு முகவரி, கூடவே தபால்தலை ஒட்டத் தேவையில்லாத பதில் உறை. சொத்து ஆவணத்தின் சான்று நகலை உடனே பெறாவிட்டால் பின்விளைவு உண்டாம், என்ன விளைவு என்று சொல்லவில்லை. நான் சந்தைக்குப் போயிருந்தேன். மனோரஞ்சிதம் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு, வீட்டுப் பத்திரம் சம்பந்தப்பட்டது என்பதால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி மாடத்தில் வைத்துவிட்டாள். நல்ல நாள் பார்த்துத் தபாலில் சேர்ப்பதாக இருந்தாளாம். அந்த நல்ல நாள்தான் நம்மைக் காப்பாற்றியது. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அடியில், எறும்பு வரிசைபோல, தங்களுக்கும் அரசாங்கத்துக்கும் தொடர்பில்லை என்றும், கையெழுத்திட்டால் ஆண்டுதோறும் பில் வரும் என்றும் அவர்களே அச்சிட்டிருக்கிறார்கள்.

"ஏமாத்து வேலை, கிழிச்சுப் போடு" என்றேன்.

"மஞ்சள் வச்சதைக் கிழிப்பாங்களா? பேப்பர்ல வேலை பார்த்த நாள்லேர்ந்து உங்களுக்கு எல்லாமே சந்தேகம்தான்."

பக்கத்து வீட்டு நூருல் அமீனைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "எனக்கும் வந்துச்சு லா. 'மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளரே'ன்னு போட்டிருக்கான். நானே வாடகைக்கு இருக்கேன். என் ஹவுஸ் ஓனருக்குத் தெரிஞ்சா கோவிச்சுக்குவாரு" என்றார். அதைக் கேட்டுத்தான் உன் அக்கா சிரித்தாள், நம்பவும் செய்தாள். ஆனாலும் கிழிக்கச் சம்மதிக்கவில்லை. கிழிக்கவும் கூடாது, கையெழுத்தோடு வீட்டில் வைத்திருக்கவும் எனக்கு மனமில்லை. ஆகவே அந்தப் படிவத்தை இத்துடன் உனக்கே அனுப்புகிறேன். உன் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பத்திரமாகப் பூட்டி வை. அந்த நிறுவனத்தின் கைக்கு மட்டும் போகக் கூடாது.

மற்றபடி வீட்டில் நிம்மதிதான். மனோரஞ்சிதம் தடித்த, நல்ல உறை ஒன்றைத் தேடி எடுத்து உன் முகவரியை ஒட்டிக்கொண்டிருக்கிறாள். இருவருக்கும் எங்கள் ஆசி. உங்கள் கதவைத் தட்டும் தபாலெல்லாம் நல்ல தபாலாக இருக்கட்டும்.

அன்புடன்,
ஏரம்பமூர்த்தி

பி.கு.: இதைத் தனியாக, கடையில் வாங்கிய உறையில் அனுப்புகிறேன். மேற்படி கடிதம் பெட்டியில் விழுந்த பிறகுதான் கேட்டேன், அந்த நல்ல உறை ஏது என்று. "அவங்க குடுத்த பதில் உறைதான். சும்மா வந்ததை வீணாக்குவாங்களா? அவங்க அட்ரஸ் மேலயே நம்ம கஜன் அட்ரஸை ஒட்டிட்டேன்" என்றாள். வீட்டில் பசை தீர்ந்துவிட்டதால் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறாள். மதியத்திலிருந்து நல்ல மழை. பெட்டியில் போட்டதைத் திருப்பித் தர இயலாது என்று தபால் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். உன் அக்கா கவலைப்படவில்லை. "மஞ்சள் வச்சு அனுப்பியிருக்கேன், போக வேண்டிய இடத்துக்குப் போயிடும்" என்கிறாள். எந்த இடம் என்பது இன்னும் உறுதியாகவில்லை. புதன்கிழமை தபாலில் தெரியும்.