தொப்ப நைனாவும் தோற்காத கேசவனும்

காரணக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உலகமெங்கும் பரவியிருக்கிறது, மழை, வெயில், உப்புக்காற்று எதுவும் அதை அசைப்பதில்லை. இந்த இனத்தைச் சேர்ந்தவர் தோற்கமாட்டார். அதாவது தோற்பார், மற்ற எல்லாரையும்விட அதிகமாகவே தோற்பார், ஆனால் அந்தத் தோல்விக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. கேரம் காய் குழியில் விழவில்லையா? பவுடர் மட்டம். பரீட்சையில் பெயிலா? பேப்பர் திருத்தியவர் வீட்டில் அன்றைக்குச் சண்டை. பெண் பார்க்கப் போன இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களா? பெண்ணின் அம்மா அன்றைக்குக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. இப்படிப்பட்டவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எதிர்வீட்டில் இருப்பார், ஆபீசில் பக்கத்து மேஜையில் இருப்பார், சில வீடுகளில் பக்கத்துத் தலையணையிலேயே இருப்பார்.

இந்த இனம் முழு வளர்ச்சி பெற்று நிற்பதைக் காண வேண்டுமென்றால் நீங்கள் பழவேற்காடு ஏரிக்கரைக்கு, தோணிரேவுக்கு வரவேண்டும். அங்கே ஜெயம்மாவின் டீக்கடையில், ஐஸ்பெட்டிக்கும் பிஸ்கட் டப்பாக்களுக்கும் நடுவில், ஆளுயரத்துக்கு ஒரு வீடியோ கேம் மெஷின் நிற்கிறது. அதற்கு முன்னால், காலை அகட்டி, அலையில் படகு ஆடுவதுபோல் உடம்பை ஆட்டிக்கொண்டு ஒருவர் நிற்கிறாரே, அவர்தான் கேசவன். மீன்பிடிப்பவர். நல்ல மனுஷன். இப்போதுதான் தோற்று முடித்திருக்கிறார்.

மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொன்னேரிப் பக்கம் மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையில் ஜெயம்மா பழைய நாற்காலி எடுக்கப் போனபோது, நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு வந்தது அது. எந்த தேசத்தில் எந்தக் காலத்தில் செய்தார்களோ, சண்டை விளையாட்டு. ஆளுக்கொரு குச்சியையும் சில பட்டன்களையும் பிடித்துக்கொண்டு, திரைக்குள் இருக்கும் இரண்டு பேரை மோதவிட வேண்டும். செய்தவர்கள் இதைப் பயங்கரமான விளையாட்டு என்று நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள். வீரர்களின் புருவங்களைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் தோணிரேவில் இதைப் பார்த்துப் பயந்தவர் ஒருவருமில்லை. விசிறியை வைத்துச் சண்டை போடும் ஒருத்தி, அடி வாங்கும்போதெல்லாம் கிச்சுகிச்சு மூட்டியதுபோல் சிரிக்கிறாள். வாயிலிருந்து நெருப்பைக் கக்கும் ஒருவன், கக்குவதற்கு முன் "அப்பளம்" என்று கத்துகிறான். அவன் பாஷையில் அதற்கு என்ன அர்த்தமோ, இங்கே அது அப்பளம்தான். அவன் பெயரும் அப்பளக்காரன்தான்.

எல்லாருக்கும் மேலே தொப்ப நைனா. கோவணம் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, தொப்பையும் குடுமியுமாக நிற்கும் மல்லன். இவர் மேலே எகிறினால் உடம்பு மட்டும் எகிறும். குடுமி பழைய இடத்திலேயே சற்று நேரம் நின்று, யோசித்து, பிறகு தலையைத் தேடிப் போய்ச் சேரும். தோற்றால் உட்கார்ந்து அழுவார். கண்ணீர் கீழிருந்து மேலே போகும். கேசவன் எடுத்துக்கொள்வது எப்போதும் இந்த நைனாவைத்தான், வேறு யாரும் அவரைத் தொடுவதுகூட இல்லை.

சண்டைக்குப் பின்னால் ஓர் ஆறு வரைந்திருக்கிறார்கள். ஆற்றில் ஒரு படகு. படகில் ஒருவன் வீச்சுவலையை வீசுகிறான், இழுக்கிறான், மறுபடி வீசுகிறான். ஊர்ப் பெரியவர்கள் சண்டையைப் பார்ப்பதில்லை, இவனைத்தான் பார்க்கிறார்கள். கரையில் நட்டிருக்கும் கொடி இடதுபக்கம் பறக்கிறது, இவனோ வலது பக்கம் பார்த்து வலை வீசுகிறான். "காத்து மூஞ்சில அடிக்குது, அதுக்கு எதிர்லயே வீசுறான் பாரு, எவன் இவனுக்குப் படகு குட்தான்" என்று அவர்கள் இத்தனை நாளாக அலுத்துக்கொள்ளாத நாளில்லை. அங்கே ஒருவனை ஒருவன் நெருப்பால் பொசுக்கிக்கொண்டிருப்பான்.

இனி முக்கியமான விஷயம். ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். பாடு என்றால் இங்கே பேச்சுக்கு இடமில்லை. இந்த மெஷின் என்ன செய்கிறது? ஒவ்வொரு சுற்று தொடங்கும்போதும், உப்பு ஏறிய தன் தொண்டையால், "பாடு" என்று உத்தரவு போடுகிறது. ஜெயம்மாவின் மகள் கீதா, பொன்னேரியில் கல்லூரிக்குப் போகிறவள், அது பாடு இல்லை, 'பைட்', சண்டை போடு என்று இங்கிலீஷில் சொல்கிறது என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்கிறார்கள்? எங்கோ கண்காணாத தேசத்தில் செய்த மெஷினுக்கு நம்ம ஏரி வழக்கம் தெரிந்திருக்கிறதே என்று ஊரே பூரித்துப்போய், மெஷினுக்கும் பாடு வைத்துவிட்டது. திங்கள் இந்தத் தெரு, செவ்வாய் அந்தத் தெரு. பசியாவரத்திலிருந்து படகில் வந்து ஆடுகிறவர்களுக்குக்கூட ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள்.

பாடு வந்துவிட்டால் காரணக்காரருக்குக் கொண்டாட்டம்தானே. ஐஸ்பெட்டி மோட்டார் ஓடியதில் கரண்ட் இறங்கி நைனாவுக்குக் கை தூக்க முடியவில்லை என்றும், குச்சியில் உப்புப் பூத்திருக்கிறது என்றும், பின்னால் நின்றவர் இருமியதில் கவனம் சிதறியது என்றும், வாசல் வெயில் கண்ணாடியில் அடித்தது என்றும், வெயில் இல்லாத நாளில் வெயில் இல்லாததால் இருட்டடித்தது என்றும், எதுவுமே அகப்படாத நாளில் குடுமி வந்து சேருவதற்குள் அடித்தது செல்லாது என்றும் சொல்லி, கேசவன் தமக்கு இன்னொரு பாடு கேட்பார். ஒருமுறை நண்டு மேல் பழி போட்டார். கடைக்குள் நண்டே இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு புதுப் படகு வந்தது.

பைபர் படகு. கேசவனும் அவர் மனைவி வெண்ணிலாவும் பாடுபட்டு வாங்கியது. கரையில் கட்டை கொடுத்து நிறுத்தி, நீலம் அடித்து, மூக்கில் பெயர் எழுதுவதற்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அந்த இடம்தான் வினையாகிவிட்டது. வெண்ணிலா தன் அம்மாவின் பெயரை எழுத வேண்டும் என்றாள். அம்மா செல்வம்மாள், கூடையைத் தலையில் வைத்து அனுப்பம்பட்டு ரயிலடி வரைக்கும் சுமந்துபோய் மீன் விற்று இவளை ஆளாக்கியவர், போன ஆடியில் இறந்துபோனார். அன்றிலிருந்து வெண்ணிலா சிரித்து யாரும் பார்க்கவில்லை. கேசவனோ 'நைனா' என்று எழுத வேண்டும் என்றார். நைனா என்றால் இந்தப் பக்கத்தில் அப்பா. கேசவனின் அப்பா அங்கமுத்து, தம் பெருமை ஏரியில் மிதக்கப்போகிறது என்று நம்பி, புது வேட்டிகூட எடுத்துவிட்டார். வெண்ணிலா மட்டும் ஏமாறவில்லை.

"எந்த நைனா? உங்கப்பாவா, அந்தக் குடுமியா?" என்று கேட்டாள்.

கேசவன் ஏரியைப் பார்த்தார்.

"பெயிண்ட் காயுது அண்ணே, இன்னா பேருன்னு சொல்லிட்டா நான் பாட்டுக்கு எழுதிட்டுப் போவேன்" என்றார் பொன்னேரியிலிருந்து வந்திருந்த பெயிண்டர் ரஞ்சித்குமார்.

சீட்டு எழுதிப் போடலாம் என்றார் ஜெயம்மா. "வேணாங்கா" என்றாள் வெண்ணிலா. "சீட்டு மடிச்சது சரியில்லன்னுவாரு. எடுத்த கை ஈரம்னுவாரு. இவருக்கு இன்னா போட்டாலும் ஆவாது."

அப்போதுதான் கேசவனுக்கு அந்த யோசனை உதித்தது. மெஷினில் ஆடித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாரிடமும் தோற்றாகிவிட்டது. இதுவரை அந்த மெஷினைத் தொட்டே பார்க்காதவள் வெண்ணிலா ஒருத்திதான்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. ஆனா தோத்தா காரணம் சொல்லக்கூடாது. ஊருக்கு முன்னாடி சத்தியம் பண்ணு."

"இன்னாமே இது, நான் எப்பமே காரணம் சொன்னேன்?" என்று கேசவன் கேட்டபோது கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறிவிட்டது. சத்தியம் செய்தார். வாழ்க்கையில் முதன்முறையாக வெறுங்கையோடு களத்தில் இறங்குவதுபோல் இருந்தது அவருக்கு.

கடை நிரம்பிவிட்டது. பெரியவர்கள் வழக்கம்போல் படகுக்காரன் பக்கமாக உட்கார்ந்துகொண்டார்கள். வெண்ணிலா விசிறிக்காரியை எடுத்துக்கொண்டாள். ஜெயம்மா மெஷினை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மெஷின் "பாடு" என்றது.

முதல் சுற்றில் வெண்ணிலா எந்தப் பட்டன் எதற்கு என்று தேடிக்கொண்டிருக்கும்போதே, நைனா தொப்பையால் இடித்து இடித்து விசிறிக்காரியைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அவள் அடி வாங்க வாங்கச் சிரித்தாள். விழுந்தும் சிரித்தாள். நைனா ஜெயித்தார். கேசவன் உட்பட அங்கே இருந்த யாருமே அதுவரை பார்த்திராத காட்சி அது.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஜெயித்தவர் சொல்வதாகத் திரையில் ஒரு வரி வரும். ஏதோ பாஷையிலிருந்து இங்கிலீஷுக்கு யாரோ தட்டுத்தடுமாறிக் கொண்டுவந்திருக்கும் வரி. கீதா அதைத் தமிழில் படித்துச் சொல்வாள். கடையே விழுந்து விழுந்து சிரிக்கும். அப்பளக்காரன் 'உன் தோல்வி உடம்புக்கு நல்லது' என்பான். விசிறிக்காரி 'என் வெற்றி மிகவும் செவ்வாய்க்கிழமை' என்பாள். நைனா இதுவரை ஜெயித்ததே இல்லையாகையால் நைனாவின் வரி என்னவென்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். கீதா வழக்கம்போல் சத்தமாகப் படித்தாள்.

"போ, உன் அம்மாகிட்ட போய் அழு."

படித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சிரிக்கத் தயாராக இருந்த வாய்கள் அப்படியே நின்றன. வெண்ணிலா திரையைப் பார்த்தபடி இருந்தாள். அழவில்லை. குச்சியைப் பிடித்திருந்த கை மட்டும் ஒரு முறை நழுவி, மறுபடி பிடித்துக்கொண்டது. அதைக் கேசவன் பார்த்துவிட்டார். இத்தனை வருஷம் குடுமி வந்து சேரும்வரை காத்திருந்து தாம் நேசித்த ஒருவர், வாயைத் திறந்தவுடன் இப்படிப் பேசிவிட்டாரே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"பாடு" என்றது மெஷின்.

இரண்டாம் சுற்றில் வெண்ணிலா வலையிலிருந்து நண்டு உதறுவதுபோல் எல்லாப் பட்டன்களையும் ஒன்றாகப் போட்டு அடித்தாள். விசிறிக்காரிக்கு இப்படியெல்லாம் ஆடத் தெரியும் என்பது விசிறிக்காரிக்கே தெரிந்திருக்காது. நைனா விழுந்தார். இதில் கேசவன் விட்டுக்கொடுத்தது எதுவுமில்லை, நேர்மையான தோல்வி. வாய்க்குள் ஐஸ்பெட்டி மோட்டார் வந்துவிட்டது; சத்தியத்தை நினைத்து விழுங்கிக்கொண்டார்.

மூன்றாம் சுற்றில் நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். விசிறிக்காரி தப்பாக எகிறி நைனாவின் தொப்பைக்கு நேர் எதிரில் வந்து விழுந்தாள். ஒரு பட்டன் போதும், ஆட்டம் முடிந்தது. கேசவனின் விரல் பட்டனுக்கு மேல் இருந்தது. அழுத்தினால் படகு நைனாவின் படகு. அழுத்தினால் அந்த வரியும் இன்னொரு முறை வரும். விரலை எடுத்துவிட்டார். எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார். நைனா கையைத் தொங்கவிட்டு நின்று, விசிறியால் அடிமேல் அடி வாங்கி, உட்கார்ந்து, கண்ணீரை மேல்நோக்கி விட ஆரம்பித்தார்.

ஊர் மொத்தமும் கேசவனின் வாயைப் பார்த்தது. சத்தியமாவது ஒன்றாவது, இதோ வரப்போகிறது, மோட்டாரா, வெயிலா, நண்டா?

"தோத்துட்டேன்" என்றார் கேசவன்.

ஜெயம்மா பயந்துபோய், "இன்னா கேசவா, ஒடம்புக்கு எதுனா?" என்று கேட்டு ஒரு சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தார். அன்று சாயங்காலமே ரஞ்சித்குமார் படகின் மூக்கில் 'செல்வம்மாள்' என்று வெள்ளையில் எழுதி, பக்கத்தில் யாரும் கேட்காமலே ஒரு தாமரையும் போட்டுவிட்டுப் போனார். அங்கமுத்து புது வேட்டியைக் கட்டிக்கொண்டு கரைக்கு வந்து, எழுத்தைக் கூட்டிப் படித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

மறுநாள் சூடம் கொளுத்தி, படகைத் தண்ணீரில் தள்ளி, புருஷனும் பெண்சாதியும் மட்டும் ஏறி ஏரியில் ஒரு சுற்று வந்தார்கள். சத்தியம் ஊருக்கு முன்னால் செய்தது. நடு ஏரியில் ஊர் எங்கே இருக்கிறது? கேசவனால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் பிறந்ததிலிருந்து கைக்கு வந்த முதல் உண்மையான காரணம் அல்லவா.

"வெண்ணிலா."

"இன்னா?"

"நேத்து நீ ஜெயிக்கலமே. நானாத்தான் கைய எடுத்தேன். நீ ஜெயிக்கட்டும்னு."

வெண்ணிலா அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"ஒரு நாள் தாங்கல உன் சத்தியம். யோவ், நண்டுகூடத் தேவலயா. இத்தினி நாளு சொன்னதுல இதான் டாப்பு."

கேசவன் மறுபடி வாயைத் திறந்தார். ஆடியிலிருந்து கேட்காமலிருந்த சிரிப்பு ஏரி முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டார். அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது. கரைக்கு வந்ததும் அவளே அதை எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் தோணிரேவில் யாராவது எதிலாவது தோற்றால், "நானாத்தான் கைய எடுத்தேன்" என்று சொல்லித்தான் சிரிக்கிறார்கள்.

அவர் சொன்னது சத்தியமான உண்மை. அந்த விரல் பட்டனை விட்டுப் போனதை நான் உங்களுக்குக் காட்டியாகிவிட்டது. அப்படியும் உங்களில் பாதிப் பேர் நம்பவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. போகட்டும். நீங்கள் காரணக்காரர் இனமில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்: கடைசியாக நீங்கள் ஒன்றில் தோற்றீர்களே, அது எதனால்?

பாருங்கள், வாயைத் திறந்துவிட்டீர்கள்.