சர்வேக்காரன் ஓடுகிறான்

ஏரிக்கரைப் பாதையின் குறுக்கே வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். நேற்று அது அங்கே இல்லை. ஓடி வந்த வேகத்தில் ஜோஷ்வா பாதி முள்ளைத் தாண்டினான். மீதி முள் காலில் ஏறியது.

"எவன்டா இத போட்டது?"

"நான்தான். இன்னா இப்போ?" என்றாள் கரைச் சரிவில் புல் அறுத்துக்கொண்டிருந்த குப்பம்மாள்.

"ஆளு ஓடற வழி இது. கண்ணு தெரியலயா?"

"தெரிஞ்சிதான் போட்டேன். யாரு தொரத்தறா உன்ன?"

"யாரும் தொரத்தல."

"பஸ்ஸ வுட்டுட்டியா?"

"இல்லக்கா."

"ஊட்டுல யாருக்குனா ஒடம்பு முடியலயா?"

"ஐய, சும்மா ஓடறேன்க்கா."

"சும்மா எவனாவது ஓடுவானா? அதுவும் எங்க நெலத்து ஓரமாவே?" அரிவாளால் அவன் மணிக்கட்டைக் காட்டினாள். "அது இன்னாது, அப்பப்போ கீச்சு கீச்சுன்னு கூவுது?"

"வாட்சு. எவ்ளோ தூரம் ஓடறேன்னு அளக்கும்."

குப்பம்மாள் எழுந்து நின்றாள். மதகுக்குப் பக்கத்தில் இருந்த டீக்கடைவரை கேட்கிற மாதிரி கத்தினாள். "நான் சொன்னேன் இல்ல? அளக்கறானாம்! அவன் வாயாலயே ஒத்துக்கினான்!"

டீக்கடை வாசலில் வெள்ளைக் கார் ஒன்று நின்றிருந்தது. அதில் வந்தவர்கள் கிளாசைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்கள்.

ஜோஷ்வா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் ஒன்பது வருஷமாக காண்ட்ராக்ட் ஆள். அவனுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் நிரந்தரமாகி, கல்யாணம் பண்ணி, தொப்பையும் வைத்துவிட்டார்கள். இப்போதுதான் ஆலையில் தீயணைப்புக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஆலையைச் சுற்றி நிற்காமல் ஓடிக் காட்டினால் வேலை நிரந்தரம். சோதனை வருகிற திங்கட்கிழமை. நைட் ஷிப்ட் முடிந்ததும் தூங்காமல் அவன் ஓடியது அதற்காகத்தான். மெயின் ரோட்டில் ஓட முடியாது. காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிக்காரன் நாய்க்கே பிரேக் போடுவதில்லை. மிச்சம் இருந்தது இந்தக் கரை ஒன்றுதான்.

நிலம் அளப்பதாம்! அவனுக்குச் சொந்தமான நிலம், அவன் பெண்டாட்டி ஏஞ்சல் ரோஜாச் செடி வைத்திருந்த பெயின்ட் டப்பாவுக்குள் இருந்த மண் மட்டும்தான்.

"வாட்ச கழட்டி வச்சிட்டு ஓடுங்க. அவ்ளோதானே?" என்றாள் ஏஞ்சல், காலில் இருந்த முள்ளை ஊக்கால் எடுத்துக்கொண்டே.

மறுநாள் வெறுங்கையோடு ஓடினான். மதகுக்கிட்டே தணிகாசலம் பத்து பேரோடு நின்றிருந்தார். ஏரிக்குக் கீழே பாதி நஞ்சை அவருடையது.

"இன்னாபா, கருவிய எங்க ஒளிச்சி வச்சிக்கிற?"

"அண்ணா, நான் சர்வே ஆளு இல்லண்ணா. கம்பெனில ஓட்டப் போட்டி மாதிரி வைக்கிறாங்க. அதுக்குத்தான்."

"எந்தக் கம்பெனி?"

சொன்னான். கூட்டம் முணுமுணுத்தது.

"கம்பெனியே அனுப்பிக்கிது!" என்றார் தணிகாசலம், வெள்ளைக் காரைப் பார்த்தபடி. அன்றைக்கு அதோடு இன்னொரு காரும் நின்றது.

ஜோஷ்வாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. போனை எடுத்து, தினமும் ஓடுவதைப் பதிவு செய்கிற ஆப்பைத் திறந்து, அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். "நல்லா பாருங்க. இவ்ளோதான். ஓடனது, மூச்சு வாங்கனது, எல்லாம் இதுல கீது. சர்வேயா இது?"

போனில் ஏரி தெரிந்தது. ஏரியைச் சுற்றி சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. அந்தக் கோடு தணிகாசலத்தின் வயலை ஒட்டி அழகாக வளைந்து போனது.

"செவப்புக் கோடே போட்டுட்டானுங்கடா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

கார்க்காரர்களில் ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "ஒரு நிமிஷம் சார்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அந்தத் திரையைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டான். ஒன்பது வருஷத்தில் ஜோஷ்வாவை சார் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவன்தான். அதை ரசிக்கிற நிலைமையில் ஜோஷ்வா இல்லை.

ஏரியே வேண்டாம் என்று முடிவு செய்தான். அடுத்த நாள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கால்வாய்க் கரையில் ஓடினான். அது வேறு ஊர். ஒரு பயலுக்கும் அவனைத் தெரியாது.

தெரிந்திருந்தது. போன ரவுண்டில் வெறும் வரப்பாக இருந்த இடத்தில், திரும்பி வரும்போது ஒருவர் மாங்கன்று நட்டுக்கொண்டிருந்தார். "சார், மரத்தையும் நஷ்டஈட்டுக் கணக்குல சேர்ப்பீங்க இல்ல?" என்று கேட்டார். இன்னொரு வீட்டில் மோர் கொண்டுவந்து வழிமறித்தார்கள். மூன்றாவது இடத்தில் கல்லை எடுத்து எறிந்தார்கள். கல் படவில்லை. மோர் புளித்திருந்தது.

சாயங்காலம் ஷிப்டுக்குக் கிளம்பும்போது தணிகாசலம் புல்லட்டில் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏம்பா, எங்க ஏரிய வுட்டுட்டு அந்தாண்ட ஏன் போன?"

"நீங்கதானே வராதன்னு முள்ளு போட்டீங்க!"

"போட்டா? உடனே போயிடுவியா? எங்க ஊரு இன்னா இளிச்சவாய் ஊரா?"

"அண்ணா, வந்தாலும் திட்டறீங்க, வரலன்னாலும் திட்டறீங்க. ரொம்ப பேஜாரா கீது. ஒரு மனுசன் எங்கதான்ணா ஓடறது?"

தணிகாசலம் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

"தனியா ஓடறதாலதான் சந்தேகம். நானும் வரேன். குடும்பஸ்தன்னு தெரிஞ்சா வுட்டுருவாங்க," என்றாள் ஏஞ்சல்.

இருவரும் ஏரிக்கரையில் ஓடினார்கள். ஏஞ்சல் சுடிதாரில், வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, தண்ணீர் பாட்டிலும் குடையும் எடுத்து வந்திருந்தாள். பாதி வழியில் மூச்சு வாங்கி, குடையைக் கரையில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"மேடமே வந்துட்டாங்கடி!" என்று குப்பம்மாள் கத்தினாள். "தபாரு, கம்பு நடறாங்க!"

அன்றைக்கு டீக்கடைக்கு வெளியே எத்தனை கார் நின்றது என்று எண்ணக்கூட ஜோஷ்வாவுக்குப் பொறுமை இல்லை. மறுநாள் காலையில் ஊர்க்காரர்கள் கறுப்புக் கொடியோடு ரோட்டில் உட்கார்ந்து, நைட் ஷிப்ட் முடிந்து திரும்பிய ஆலை பஸ்ஸை மறித்தார்கள். "அளக்காதே, அளக்காதே! எங்கள் மண்ணை அளக்காதே!" பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜோஷ்வா தலையைக் குனிந்துகொண்டான். கார்க்காரர்கள் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானமே ஆலை அதிகாரி கல்பனா மேடம் அவனை ஆலைக்கு வரவழைத்து, உட்காரச் சொல்லாமலே கேட்டார்.

"ஜோஷ்வா, யார் சொல்லி நிலம் அளந்தீங்க?"

"மேடம், நான் ஓடனேன் மேடம். நீங்கதான் ஓடச் சொன்னீங்க."

"நான் ஆலைய சுத்தி ஓடச் சொன்னேன். ஏரிய சுத்தி இல்ல."

"பழகறதுக்கு மேடம்."

"அந்த ஊர்லருந்து ஆளுங்க வந்து, பிரச்சினை இல்லன்னு என் முன்னால சொல்லணும். இல்லன்னா திங்கட்கிழமை நீங்க வர வேணாம். பேர எடுத்துடுவேன்."

ஓடியதற்காக ஒருவனை ஓட்டத்திலிருந்து எடுப்பது என்ன நியாயம் என்று கேட்க வாய் வரை வந்தது. காண்ட்ராக்ட் ஆளின் வாய்க்கு எல்லை அவ்வளவுதான்.

சாயங்காலம் நேரே டீக்கடைக்குப் போனான். தணிகாசலம், குப்பம்மாள், கடைக்காரர் அப்பாவு எல்லோரும் இருந்தார்கள். அடுத்த பெஞ்சில் கார்க்காரர்கள் இரண்டு பேர் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். ஜோஷ்வா யாரையும் கும்பிடவில்லை. கும்பிடுகிற கட்டத்தை அவன் தாண்டியிருந்தான்.

"ஒரு ஆளு ஓடனா உங்களுக்கு இன்னாயா எரியுது? உங்க மண்ணுல ஒரு பிடி எடுத்தனா? ஒன்பது வருசம் நெருப்புக்கிட்ட நின்னுட்டு, ஒரே ஒரு வேலைக்காக ஓடனேன். அதுலயும் முள்ளு போட்டீங்க, கல்லு வுட்டாங்க, பஸ்ஸ மறிச்சீங்க. இப்போ பேர எடுக்கப் போறாங்க. நாளைக்கு யாராவது வந்து எங்க மேடத்துகிட்ட, இவன் சர்வே ஆளு இல்லன்னு சொல்லுங்க. அது போதும். அப்புறம் ஜென்மத்துக்கும் உங்க கரைல கால வைக்க மாட்டேன். ஓடறதையே நிறுத்திடறேன்!"

தணிகாசலத்தின் முகம் செத்துப்போனது. அப்பாவு கரண்டியை அப்படியே வைத்துவிட்டார். பஜ்ஜி தின்றவர்களில் ஒருவன், "சர்வே இல்லையா?" என்று எழுந்தான்.

"அவனுக்கு மேலதிகாரி ஆர்டர் சார், அப்படித்தான் சொல்லுவான்," என்று தணிகாசலம் அவசரமாக அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"யோவ், நான் இன்னா சொல்றேன், நீ இன்னா..." என்று ஜோஷ்வா பாய்ந்தான்.

குப்பம்மாள் அவன் சட்டையைப் பிடித்து கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் காதுக்குக் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"கத்தாத நைனா, நீ சோத்துக்கு ஓடறவன்னு மொத நாளே ஊருக்கே தெரியும், நாளைக்கி எல்லாரும் வந்து உங்க மேடத்துகிட்ட சொல்றோம், ஆனா நீ ஓடற பக்கமெல்லாம் இந்தக் கார்க்காரனுங்களால நெலத்து வெல எகிறிக்கினு போவுது, காலைல ஒரே ஒரு தபா அந்தாண்ட கீற சின்ன ஏரி, தாங்கல் கரை பக்கமா ஓடு, எங்க சின்ன மவ ஊட்டு நெலத்த இன்னும் எவனும் கேக்கல."