மாமனாருக்கு நான் கண்டுபிடித்த பக்கவாதம்

புதிதாக எதையாவது அரைகுறையாகக் கற்றுக்கொண்டவன் வீட்டில் யாரும் வெற்றிலை போடக்கூடாது. என் மாமனார் போட்டார்.

அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில், கேஸ் தாள்களை நோய்வாரியாகப் பிரித்து அடுக்கும் குமாஸ்தா நான். கை கால் விழுந்தவர்கள் எல்லோரையும் 'பக்கவாதம்' என்று ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தேன். பெரிய டாக்டர் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். "இனிமே அப்படிக் கட்டாதீங்க. மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சா ஒரு வகை, வெடிச்சுக் கசிஞ்சா இன்னொரு வகை, எதுன்னு தெரியலைன்னா அதுக்கும் ஒரு வகை" என்றார். மனப்பாடம் செய்துவிட்டேன். (நான் டாக்டராக இன்னும் ஒரு ஸ்டெதஸ்கோப்தான் பாக்கி என்று நினைப்பு.)

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை பார்க்க என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார் பண்ருட்டி முந்திரி வியாபாரி. அவர் பெண்ணை நான் முன்பே பார்த்து, அவள் இல்லையென்றால் சன்னியாசம்தான் என்று முடிவு செய்திருந்தேன். அம்மா காபி கொடுத்து, வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் என் உத்தியோகத்தின் மகத்துவத்தை ஆரம்பித்தேன். அடைப்பு வகை, கசிவு வகை. (பேசும்போது நான் எதிரில் இருப்பவரைப் பார்ப்பதில்லை, உத்தரத்தைப் பார்ப்பேன்.) அவர் பாயில் சம்மணமிட்டு வெகுநேரம் கேட்டார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று ஒருவழியாகக் கீழே பார்த்தேன்.

"ம்ம்... ம்ம்" என்றார். ஒரு கன்னம் உப்பி வாய் கோணியிருந்தது. கை ஜன்னலைக் காட்டியது. எழுந்தார், இடது கால் மடங்கிச் சுவரில் சாய்ந்தார்.

"அம்மா, அடைப்பு வகை" என்று கத்தினேன். அதற்குள் அவர் உதட்டோரம் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. "இல்லை, கசிவு வகை" என்று திருத்திக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு டிரைவரின் ஜீப்பில் ஏற்றினோம். அவர் திமிறினார். "அசையாதீங்க மாமா, இன்னும் கசியும்" என்று தலையை என் மடியில் அமுக்கிக்கொண்டேன். (பதற்றத்தில் உறவுமுறை தானாக வந்துவிட்டது.)

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் குனிந்து, "வாயைத் திறங்க" என்றார். திறந்தார். டாக்டரின் வெள்ளைக் கோட்டு சிவந்தது.

"வெத்தல எச்சி துப்ப எடம் தேடிக்கினு இருந்தேன் சார். புது வூடு, எங்க பாத்தாலும் பளபளன்னு இருக்குது. சன்னல் பக்கம் போலாம்னு எழுந்தா கால் மரத்துப்போச்சு. இந்தத் தம்பி என்ன மூட்டையாட்டம் தூக்கிக்கினு வந்துட்டாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். "இது எந்த வகைங்க?"

"எதுன்னு தெரியாத வகை, சார்."

மாமனார் வாயைக் கொப்பளித்துவிட்டு நேராகப் போய்ப் பண்ருட்டி பஸ் ஏறினார். அம்மா வெற்றிலைத் தட்டைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டாள். சன்னியாசத்துக்கு எந்த ஊர் வசதி என்று யோசிக்கத் தொடங்கினேன்.

அடுத்த ஞாயிறு, ஒரு பலாப்பழத்தோடு திரும்ப வந்து நின்றார். "வூட்ல போய் சொன்னேன். எம் பொண்ணு வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்குது. கட்டினா இவரத்தான்னு சொல்லுது. எனக்கும் தும்மினாக்கூட தூக்கிக்கினு ஓட ஒரு ஆளு வேணுங்களே" என்றார்.

கல்யாணமாகி அவள் வந்தபோது, சீர்வரிசையில் முதலில் இறங்கியது ஒரு பித்தளைப் படிக்கம்; எச்சில் துப்புவதற்கென்றே செய்தது. இன்றைக்கும் நான் யாருக்காவது எதையாவது விளக்க ஆரம்பித்தால், என் மனைவி எழுந்துபோய் அதை எடுத்து வந்து விருந்தாளியின் முன்னால் வைத்துவிடுகிறாள்.