மீன் சாப்பிடாதவர்கள் சோகமானவர்கள்

படித்தவர்கள் அவமானப்பட ஓர் அரங்கமும் ஒரு புரொஜெக்டரும் போதும். வங்காளத்து நியூ டவுனில் நான் ஆராய்ச்சி செய்த கல்லூரி எனக்கு இரண்டையும் கொடுத்தது.

விடுதி மாணவர்களில் யார் மனம் சோர்ந்திருக்கிறார்கள் என்று கணினி கண்டுபிடிக்க வேண்டும். எதை வைத்து அப்படிச் சொல்கிறது என்பதையும் அதுவே காட்ட வேண்டும். இதுதான் என் ஆராய்ச்சி. மாணவர்கள் சம்மதித்து நிரப்பிய தூக்க, மனநலப் படிவங்கள், மதிப்பெண், வருகைப் பதிவு எல்லாவற்றையும் பெயர் நீக்கி உள்ளே போட்டேன். மதியம் மீன் வாங்கியவர்களுக்கு டிக் போடும் மெஸ் நோட்டையும் போட்டேன். (ஏன் என்று கேட்காதீர்கள். இருந்தது, போட்டேன்.)

மேடையில் பட்டனைத் தட்டியதும் காரணங்கள் பட்டைகளாக விரிந்தன. மதிப்பெண்ணுக்குச் சின்னப் பட்டை. தூக்கத்துக்கு நடுத்தரம். திரையின் விளிம்பு வரை ஓடிய பட்டையின் பெயர்: 'மீன் சாப்பிடவில்லை'.

இதே வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில், தமிழ்க் குடும்பத்தில் சைவமாகவே வளர்ந்த நான், கொஞ்சமும் யோசிக்காமல், "மீன் உண்ணாமையே மனச்சோர்வின் முதன்மைக் காரணம்" என்று அறிவித்தேன். வங்காளிகள் நிறைந்த அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. என் பேராசிரியர், "எங்கம்மாவுக்கு இது அப்பவே தெரியும்!" என்று கண் கலங்கினார்.

தேநீர் கொண்டுவந்த மெஸ் மாஷி (வங்காளியில் சித்தி; சமையல்காரம்மாவை இங்கே இப்படித்தான் கூப்பிடுவோம்) திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"மீன் கணக்கா? அது என் நோட்டுல உள்ளது ஆச்சே. மீன் வேண்டாம்னா முட்டைன்னு எழுதுவேன். காலியா இருந்தா, புள்ள சாப்பிடவே வரலைன்னு அர்த்தம்."

காலிக் கட்டங்களை எல்லாம் 'மீன் சாப்பிடவில்லை' என்று நிரப்பியவள் நான்தான். கைதட்டல் நின்ற வேகத்தில் எனக்குக் காது அடைத்தது.

கூடவே புல்லரித்தது. சாப்பிட வராத பிள்ளைகளைக் கணினி சரியாகவே சுட்டிக்கொண்டிருந்திருக்கிறது; தப்பாகப் பெயர் வைத்தது நான். அத்தனை கட்டங்களுக்குள்ளிருந்து அது தோண்டியெடுத்ததை இந்த அம்மாள் கரண்டியோடு நின்றபடியே பார்த்திருக்கிறார்!

"இப்ப யாராவது வராம இருக்காங்களா, மாஷி?"

"மூணாவது மாடிப் பொண்ணு. நாலு நாளாச்சு. வார்டன்கிட்ட சொன்னேன், டயட்டா இருக்கும்னுட்டாங்க."

இருவரும் மாடியேறினோம். கதவு திறந்ததும், நான் தயாரித்து வைத்திருந்த ஆலோசனை வாக்கியத்தை எடுத்துவிட வாய் திறந்தேன். அதற்குள் மாஷி, "வாம்மா, சோறு ஆறுது" என்றார். அந்தப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு செருப்பைத் தேடினாள். சாப்பிட்டு முடித்தபின், கவுன்சிலர் அறை எங்கே என்று அவளே கேட்டாள்.

எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. வீட்டுக்கு வருகிற உறவினர் எல்லோரிடமும் அம்மா இன்றைக்கும் சொல்கிறார்: "எங்க பொண்ணு கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு மூணு வருஷம் மாரடிச்சா. அந்த மாஷிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, மூணு நிமிஷம்!"