வாகீசனின் ரயர் சூத்திரம்

"நான் கதைக்கிறது கேக்குதோ இல்லையோ?"

காருக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு கிடந்த வாகீசன், "ஓம், ஓம்" என்றார். உண்மையில் ஒன்றும் கேட்கவில்லை. பின்சில்லுக்கும் அதன் மேலிருந்த மட்காட்டுக்கும் இடையில் எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்துகொண்டிருந்தார். அவர் நில அளவையாளர். அளக்க ஏதாவது அகப்பட்டுவிட்டால் மற்றதெல்லாம் பிறகுதான்.

மனைவி தயாளினி வாசலில் நின்று தொடர்ந்தாள். "குசினிப் பைப் ஒழுகுது. பக்கத்து வீட்டு ஆடு மதில் பாயுது. ஞாயிறு வல்வெட்டித்துறைக்குத்தானே போறியள்? மாமா வீட்டுக் கலியாணத்துக்கு ஒரு சாமான் குடுத்துவிடோணும். கோயில் பூசைக்குப் பேர் குடுக்கோணும். எல்லாத்துக்கும் ஓம் தானே?"

"ஓம் எண்டுறனே!"

முப்பத்திரண்டு மில்லிமீற்றர். வாகீசன் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார். அன்று திங்கட்கிழமை. பிறகு மோட்டார் சைக்கிளில் கந்தோருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

கார் ஜப்பானில் பிறந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே ஆசனம். பதினேழு வயதில் ஒரு கலண்டர் படத்தில் பார்த்து ஆசைப்பட்டு, நாற்பத்து மூன்று வயதில் வாங்கியது. வல்வெட்டித்துறையில் கடற்கரையோரம் மூடிக்கிடக்கும் ஐஸ் ஆலையின் சீமெந்து முற்றத்தில், கார்ப் பிரியர்கள் சிலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டி வைப்பார்கள். முற்றம் முழுக்கச் செம்மஞ்சள் கூம்புகள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். கூம்புகளைச் சுற்றி வளைந்து நெளிந்து யார் குறைந்த நேரத்தில் வருகிறாரோ அவர் வெற்றி.

போன தடவை பன்னிரண்டு காரில் வாகீசன் பன்னிரண்டாவது. பதினோராவதாக வந்தது ஒரு குடும்பக் கார். பின்னாசனத்தில் குழந்தையின் இருக்கையைக்கூடக் கழற்றாமல் ஓடியது அது. வாகீசனின் கார் ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் வழுக்கி, பம்பரமாகச் சுழன்று, கூம்புகளைக் கடற்கரைக்கு அனுப்பியது.

தயாளினி அன்றைக்கே சொல்லிவிட்டாள். "இன்னொருக்காக் கடைசியா வந்தியளெண்டால் உந்தக் காரை வித்துப்போட்டு ஆக்கள் ஏறக்கூடிய வாகனம் ஒண்டு வாங்கோணும். சந்நிதி முருகன் அறியச் சொல்லுங்கோ."

அவரும் சொல்லித் தொலைத்துவிட்டார். அந்தக் கார் வீட்டு வாசலை விட்டுப் போவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் அன்று தொட்டு ஒரு சபதம். கார் சம்பந்தமான எந்தப் பிரச்சினையைப் பற்றியும் வீட்டில் மூச்சுவிடுவதில்லை.

செவ்வாய் பின்னேரம், ரேடியோவைச் சத்தமாகப் பாடவிட்டுக் காரை ஓட்டிக்கொண்டு, குருநகரில் ரயர்க் கடை வைத்திருக்கும் எமில்ராஜிடம் போனார்.

"அண்ணை, உங்கடை ரயர் 195," என்றான் எமில்ராஜ். "அது அகலம். மில்லிமீற்றரிலை. அகலம் கூடினால் பிடி கூடும். 225 போடுவம். பிறகு பாருங்கோ, கார் நிலத்திலை ஒட்டிக்கொண்டு நிக்கும்."

"மட்காட்டிலை முட்டாதோ?"

"நீங்கள்தானே அளந்தனியள்?"

அளந்தவர் கணக்குப் பார்த்தார். 225 போட்டாலும் மட்காட்டுக்குக் கீழே விரற்கடை இடைவெளி மிஞ்ச வேண்டும். போட்டார்கள். ரயர் நான்கும் கொழுத்த எருமைக் கன்றுகளைப்போல இருந்தன. வாகீசன் மகிழ்ச்சியாகக் காரை எடுத்தார். முதல் வேகத்தடை வந்தது.

கர்ர்ர்ர்!

இறங்கிப் பார்த்தார். பின்சில்லு இரண்டும் மட்காட்டில் உரசி, கருகிய இறப்பர் மணம். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அப்பிடி இருக்காதே அண்ணை!" எமில்ராஜ் குனிந்து பார்த்தான். "சரி, மட்காட் விளிம்பைக் கொஞ்சம் உள்ளுக்கு மடிச்சு விடுவம்."

சுத்தியலால் நாலு தட்டு. ஐந்தாவது தட்டில் சிவப்புப் பூச்சு உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து விழுந்தது. வாகீசனுக்குத் தன் தோலையே உரித்ததுபோல இருந்தது. ஆனாலும் காரை எடுத்துப் பார்த்தார்.

கர்ர்ர்ர்!

புதன்கிழமை 205 போட்டார்கள். அதுவும் உரசியது. வியாழக்கிழமை, தோல்வியை ஒப்புக்கொண்டு, கழற்றி வைத்த பழைய 195ஐயே திரும்பப் பூட்டினார்கள்.

கர்ர்ர்ர்!

இந்த முறை வாகீசன் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். திங்கட்கிழமை இதே காரில், இதே ரயரில், இதே இடத்தில் முப்பத்திரண்டு மில்லிமீற்றர். கையெழுத்தும் அவருடையதுதான். இப்போது அளந்தால் பதினொன்று.

"எமில், உது எப்பிடி?"

எமில்ராஜ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். "மாதாவே! அண்ணை, ரயர் தேயிறதுதான் கண்டிருக்கிறன். வளருமோ?"

"ரயர் வளரேல்லை. கார் பதியுது."

"அப்ப ஸ்பிரிங் களைச்சுப்போச்சு. புதுசுக்குக் கொழும்பிலை சொல்லி எடுக்க ரெண்டு கிழமை செல்லும்."

போட்டிக்கு இன்னும் மூன்று நாள். வாகீசன் யோசித்தார். புது ஸ்பிரிங் கிடைக்காவிட்டால் என்ன, பாரத்தைக் குறைக்கலாமே? வீட்டுக்கு வந்தவுடன் பக்கத்து ஆசனத்தைக் கழற்றினார். ரேடியோ, கால்விரிப்பு, சாம்பல் தட்டு எல்லாம் வெளியே வந்தன. டிக்கியில் கழற்ற ஒன்றும் இல்லை. உதிரிச் சில்லையும் காரைத் தூக்கும் ஜக்கையும் போன தடவையே எடுத்துவிட்டு, அந்தக் குழியின்மேல் விரிப்பை இழுத்து மூடி வைத்திருந்தார். கடைசியாகக் குறைக்க மிஞ்சியது அவர் மட்டும்தான்.

"புட்டு வேண்டாமோ?" தயாளினி வாய் பிளந்தாள். இந்த மனிசன் புட்டு வேண்டாமென்று சொன்னது கலியாணம் கட்டின நாள் தொட்டு இதுதான் முதல் தடவை.

"வயிறு சரியில்லை."

"காருக்கு ஏதும் பிரச்சினையோ?"

"காருக்கென்ன, குதிரை மாதிரி நிக்குது!"

தயாளினி புட்டைத் திரும்ப மூடி வைத்தாள். "ஞாயிறு விசயம் மறக்க மாட்டியள்தானே?"

கடைசியாக வந்தால் காரை விற்கும் விசயத்தைத்தான் குத்திக்காட்டுகிறாள் என்று அவருக்கு விளங்கியது. "என்னெண்டு மறப்பன்? அதை நினைச்சு நித்திரையே இல்லை," என்றார் பரிதாபமாக.

ஒரு சாமான் குடுப்பதற்கு இந்த மனிசன் ஏன் நித்திரை கொள்ளவில்லை என்று தயாளினிக்கு விளங்கவில்லை. ஆனாலும் பொறுப்பான மனிசன் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

வெள்ளியும் சனியும் பட்டினி கிடந்ததில் வாகீசன் இரண்டு கிலோ குறைந்தார். கார் ஒரு மில்லிமீற்றரும் உயரவில்லை. சனிக்கிழமை பின்னேரம், அரை உயிராக எமில்ராஜின் கடை வாசலில் நின்றார்.

"இருக்கிறதுக்குள்ளை மெல்லிசு எது?"

எமில்ராஜ் மூலையைக் காட்டினான். யாரோ கழற்றிப் போட்ட நான்கு ரயர். 165. சந்தைக்கும் ரியூசனுக்கும் ஓடும் சின்னக் குடும்பக் காருக்குப் போடுவது.

"அண்ணை, ஸ்போர்ட்ஸ் காருக்கு உந்த ரயரைப் போட்டால் நாளைக்கு நான் கோயிலுக்குப் போக ஏலாது. சனம் சிரிக்கும்."

"உரசாதுதானே?"

"உரசாது. ஆனால்..."

"போடும்."

உரசவில்லை. ஆனால் காரைப் பார்க்கச் சகிக்கவில்லை. நல்ல தடித்த உடம்புக்கு ஈர்க்குக் கால் முளைத்ததுபோல இருந்தது. வாகீசன் வீடு வரும்வரை தெரிந்தவர் எவர் முகத்தையும் பார்க்காமல் ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஐஸ் ஆலை முற்றத்தில் கார் நுழைந்ததும் சிரிப்பு.

"அண்ணை, தையல் மெசின் சில்லோ?" போன தடவை முதலிடம் வந்த பிரவீணன் கேட்டான். அவனுடைய காரில் 235. அந்த அகலத்தில் ஒருவர் படுத்தெழும்பலாம்.

போட்டியை நடத்தும் செல்வநாயகம் ஒவ்வொரு காராகப் பரிசோதித்து வந்தார். வாகீசனின் காரில் பக்கத்து ஆசனம் இல்லாததைப் பார்த்துத் திடுக்கிட்டார். டிக்கியைத் திறந்து, சமனாகக் கிடந்த விரிப்பைத் தட்டிப் பார்த்து, "ஒரு குப்பை இல்லை. வடிவா வைச்சிருக்கிறியள்," என்று மூடினார்.

அன்றைக்கு வாடைக் காற்று கடற்கரை மணலை அள்ளி முற்றம் முழுக்கத் தூவியிருந்தது. பிரவீணனின் 235 அந்த மணலின்மேல் சறுக்கிச் சறுக்கி ஐந்து கூம்பைத் தட்டியது. அடுத்தவரும் சறுக்கினார். அதற்கடுத்தவர் சுற்றிச் சுழன்று, வந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாகீசனின் முறை வந்தது. முருகா, பதினோராவதாக வந்தாலே போதும். கொடி விழுந்தது.

முதல் வளைவில் கண்ணை மூடிக்கொண்டார். பின்பக்கம் வழுக்கவில்லை. கண்ணைத் திறந்தார். இரண்டாம் வளைவிலும் வழுக்கவில்லை. மெல்லிய சில்லு மணலைக் கிழித்துக்கொண்டு நிலத்தைப் பிடித்தது. காரின் பின்பக்கத்தை யாரோ இரண்டு கையாலும் அமத்திப் பிடித்திருப்பதுபோல, கார் சொன்ன சொல் கேட்டது. ஒரு கூம்பும் விழவில்லை.

நேரத்தைப் பார்த்த செல்வநாயகம் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். பழுதாகவில்லை.

"நாப்பத்தொரு செக்கன்! முதலாம் இடம்!"

எல்லோரையும்விட அதிகமாக அதிர்ந்தவர் வாகீசன்தான். ஆனால் அதிர்ச்சியைக் காட்டாமல் ஹெல்மெட்டைக் கழற்றி, நெடுநாள் எதிர்பார்த்ததுபோலத் தலையை அசைத்தார். தயாளினிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தயாளினி! முதலாம் இடம்! காரை விக்கத் தேவையில்லை!"

"மெய்யே? முருகா!" என்றாள் தயாளினி. "அது சரி, மாமா அங்கை வந்திட்டாரோ?"

"எந்த மாமா?" அதற்குள் கை கொடுக்க நாலுபேர் சூழ்ந்துகொண்டார்கள். தொலைபேசி சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"வாகீசன், ரகசியத்தைச் சொல்லத்தான் வேணும்," என்றார் செல்வநாயகம்.

வாகீசன் தொண்டையைச் செருமினார். "ரகசியம் ஒண்டுமில்லை, எல்லாம் கணக்கு. ஆறு நாள் ஆராய்ச்சி. 225, 205, 195 எல்லாம் போட்டுப் பாத்தனான். வேணுமெண்டுதான் 165க்கு வந்தனான். அதோடை பாரம்! பாரத்தைக் குறைக்கோணும். நான் சாம்பல் தட்டைக்கூட விட்டு வைக்கேல்லை. ரெண்டு நாள் சாப்பிடேல்லை. காருக்குள்ளை ஒரு கிலோ தேவையில்லாத பாரம் இருந்தால் நீங்கள் தோத்தியள்!"

பிரவீணன் ஒவ்வொரு சொல்லையும் குறித்துக்கொண்டான். இரண்டுபேர் அப்போதே எமில்ராஜுக்குத் தொலைபேசி எடுத்து 165 இருக்கிறதா என்று விசாரித்தார்கள். ஒருவர் தன் காரின் ஆசனத்தைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

அப்போது ஒரு ஓட்டோ வந்து நின்றது. தயாளினியின் மாமா தியாகலிங்கம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பின்னால் வாட்டசாட்டமான இரண்டுபேர், ஒரு சாக்கும் கயிறும் கொண்டு வந்தார்கள். மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வாகீசனின் தோளில் தட்டினார்.

"தம்பி, டிக்கியைத் திறவும், விரிப்புக்குக் கீழை தயாளினி திங்கக்கிழமை ஏத்தி வைச்ச கலியாணவீட்டு அம்மியையும் குழவியையும் இறக்குவம்!"